அரைக் குரல்

நாடகம் பார்க்க வருகிறவர்கள் இடைவேளையில் எதையும் பிளாஸ்டிக் பையில் வாங்கிக்கொண்டு உள்ளே வரக் கூடாது என்பது என் அபிப்பிராயம். இரண்டாம் பாகத்தின் முதல் பாட்டு பெரும்பாலும் மெதுவாகத்தான் தொடங்கும். அந்த நேரத்தில் ஒரு பை சரசரத்தால் போதும், மேடையில் நிற்பவரின் உழைப்பு பாழ். இதைப் பலமுறை எழுதியிருக்கிறேன்.

தமிழிலேயே சொல்லலாம் என்றீர்கள், நன்றி. ஆங்கிலத்தில் சொன்னால் நான் இன்னும் கொஞ்சம் நல்லவனாகத் தெரிவேன்.

என் பெயர் முத்தையா. ஜூரோங்கில் ஒரு பெயின்ட் தொழிற்சாலையில் தரச் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். செங்காங்கில் தனியாக இருக்கிறேன். என் விடுப்பெல்லாம் இசை நாடகங்களுக்கே போய்விடும். வெளிநாட்டுக் குழுக்கள் மரினா பே பக்கம் கொண்டுவருகிற பெரிய தயாரிப்புகளையும் பார்ப்பேன், சமூக மன்றத்தில் பிள்ளைகள் போடுவதையும் பார்ப்பேன். ‘மூன்றாம் மணி’ என்று முகநூலில் ஒரு பக்கம் வைத்திருக்கிறேன். அதில் யாரையும் விட்டுவைத்ததில்லை. ஒரு பெரிய குழுவின் கதாநாயகி பாடியது கெட்டிலில் தண்ணீர் கொதிப்பதுபோல் இருந்தது என்று எழுதினேன். இசைக்குழுவை வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் பதிவுசெய்த இசையை ஓடவிடுகிறவர்களைத் திருடர்கள் என்றே எழுதினேன். நேர்மையாக எழுதுகிறேன் என்று மக்கள் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

மறு அரங்கேற்றங்கள் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. பழைய நாடகத்தைத் திரும்பப் போடுகிறவர்கள் அதைப் பழுதுபார்க்கிறார்கள், அல்லது சூறையாடுகிறார்கள். கையால் வரைந்த திரை இருந்த இடத்தில் எல்இடி சுவரை நிறுத்துவார்கள். பாட்டை இரண்டு நிமிடம் வெட்டுவார்கள். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஒரு காலத்தில் உச்சத்தில் பாடியவரை முப்பது வருடம் கழித்து அதே இடத்தில் கொண்டுவந்து நிறுத்துவதைத்தான் என்னால் தாங்க முடியாது. புதிதாக வந்தவர்கள் அந்தக் குரலைத்தான் நினைவில் வைத்துக்கொள்வார்கள். பழைய குரல் என்று ஒன்று இருந்ததே அழிந்துவிடும்.

‘கிந்தா ரோட்டுக் கிளி’ என்ற நாடகத்தை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள், வயது போதாது. கிளி ஜோசியர் ஒருவரின் மனைவியைப் பற்றிய கதை. இரண்டாம் பாகத்தில் அவள் கூண்டைத் திறந்துவிட்டு ஒரு பாட்டுப் பாடுவாள். பாட்டின் முடிவில் மேல் ஸ்தாயியில் ஒரே சுரத்தைப் பிடித்து நிற்கிற நீண்ட கார்வை ஒன்று வரும். அதைப் பாடியவர் குணமணி. அப்போது எனக்கு இருபத்தேழு வயது. நாடகம் நடந்த எல்லா நாளும் போனேன். அந்தக் கார்வை முடிந்ததும் அரங்கம் கை தட்டாது, சிறிது நேரம் அப்படியே இருக்கும். என் வாழ்க்கையில் நான் சரியான இடத்தில் இருந்த நேரம் அதுதான்.

காதல் என்று எழுதிக்கொள்ள வேண்டாம். அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டேன். அவர் யாழ்ப்பாணத்துக் குடும்பம், ஒரு சட்ட அலுவலகத்தில் வேலை பார்த்தார். கணவர் இறந்த பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்து நாடகங்களுக்குப் போக ஆரம்பித்தோம். தோ பாயோவில் அவரை ஏற்றிக்கொண்டு டாக்சியில் போவேன். உள்ளே உட்கார்ந்ததும் கைப்பையை என் மடியில் வைத்துவிடுவார். “மடியில பாரம் இருந்தா எனக்கு மூச்சு விட்டுப் பாட்டுக் கேக்க ஏலாது, முத்து” என்பார். அந்தப் பையில் எப்போதும் ஒரு ஊசி இருக்கும், பேனாவைப் போல. அவருக்குக் கச்சான் ஒத்துக்கொள்ளாது. வேர்க்கடலையை அவர் கச்சான் என்றுதான் சொல்வார். வாயில் பட்டால் தொண்டை வீங்கும், மூச்சு அடைக்கும். உடனே தொடையில் குத்த வேண்டும். எப்படிக் குத்துவது என்று எனக்கு அவரே சொல்லிக்கொடுத்திருந்தார்.

போன வருடம் அவர் மகள் சயந்தினி அந்த நாடகத்தைத் திரும்பப் போடுவதாகச் சொன்னாள். அவளே இயக்குகிறாள். முதல் பாகத்துக்கு ஒரு இளம் பெண், இரண்டாம் பாகத்துக்கு அம்மா. பழைய தயாரிப்பு பற்றி எல்லாம் தெரிந்தவன் என்று என்னையும் ஒத்திகைக்கு வரச் சொன்னாள். ரோவெல் ரோட்டில் ஒரு கடைவீட்டின் மேல்மாடி. கீழே மளிகைக் கடை, மேலே மின்விசிறிகள், ஒரு கீபோர்டு. இசையைக் கவனித்தவர் அர்ஃபான் என்ற இளைஞர்.

முதல் நாள் அக்கா அந்தப் பாட்டைப் பாடினார். கார்வை வர வேண்டிய இடத்தில் குரலைக் கீழே இறக்கி, காற்றும் சத்தமுமாக ஏதோ செய்துவிட்டு நிறுத்தினார். களைப்பாக இருக்கும் என்று நினைத்தேன். மறுநாளும் அப்படித்தான். அந்த மாதம் முழுக்க அப்படித்தான். சுற்றி இருந்தவர்கள் யாரும் கவலைப்படவில்லை. அவர்களுக்குக் காது இல்லை என்று முடிவு செய்தேன்.

ஒருநாள் ஒத்திகை முடிந்து படியில் இறங்கும்போது அவரே கேட்டார்.

“முத்து, நேராச் சொல்லு. என்ட குரல் போயிட்டுதா?”

“இல்லக்கா. அப்படியே இருக்கு.”

“உண்மையாவா?”

“உண்மையாதான்.”

சிரித்துவிட்டு என் தோளைத் தட்டினார். முன்பின் தெரியாத பாடகியைக் கெட்டில் என்று எழுதியவன் நான். அவரிடம் ஒரு வாக்கியம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லியிருந்தால் அவர் வருத்தப்பட்டிருப்பார், ஒருவேளை என்னோடு நாடகத்துக்கு வருவதை நிறுத்தியிருப்பார். அந்த அளவுதான் நஷ்டம். இப்போது கூட்டிப் பார்த்தால் வெட்கமாக இருக்கிறது.

சயந்தினியிடம் மட்டும் போய், அந்தப் பாட்டை இளம் பெண்ணுக்கே கொடுத்துவிடலாமே என்றேன்.

“அம்மா ஓகே லா, அங்கிள். நீங்க ரொம்ப யோசிக்காதீங்க. அர்ஃபான் பாத்துக்குவாரு.”

அர்ஃபானிடம் நான் கேட்கவில்லை. அவர் பிறப்பதற்கு முன்பே நான் அந்தப் பாட்டைக் கேட்டவன்.

முதல் காட்சிக்கு முந்தின சனிக்கிழமை முழு ஒத்திகை. மதியச் சாப்பாடு பாப்பம்மாள் கொண்டுவருவார். அவர் வீட்டிலேயே சமைத்து ஆர்டர் எடுப்பவர். எல்லாருக்கும் பொதுவாகப் பெரிய டப்பாக்கள். குணமணியக்காவுக்கு மட்டும் தனியாக ஒரு நீல மூடி டப்பா, இடியப்பமும் தேங்காய்ச் சட்னியும். “இதுல யாரும் கரண்டி போடாதீங்கப்பா, அக்காவோடது” என்று ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டு வைப்பார். அவ்வளவு கவனமான மனுஷி.

வேர்க்கடலையை முந்தின நாள் பஃபலோ ரோட்டில் வாங்கினேன். வீட்டு மிக்ஸியில் பொடித்தேன். தேங்காய்ச் சட்னியில் கலந்தால் கண்ணுக்குத் தெரியாது, கொஞ்சம்தான் தேவை. எல்லாரும் மேடை அளவைத் தரையில் டேப் ஒட்டிக் குறித்துக்கொண்டிருந்தபோது மூடியைத் திறந்து கலந்தேன். உடம்பில் தடிப்பு வரும், தொண்டை கொஞ்சம் வீங்கும், டாக்டர் ஒரு வாரம் ஓய்வு சொல்வார், பாட்டு இளம் பெண்ணுக்குப் போகும் என்று நினைத்தேன். அக்காவின் பெயர் கெடாது. யாரும் யாரையும் நோகடிக்க வேண்டியதில்லை. இது எனக்கு அப்போது மிகவும் நாகரிகமான வழியாகப் பட்டது.

ஊசியைப் பற்றிக் கேட்கப் போகிறீர்கள். சொல்கிறேன்.

அவர் இரண்டு வாய் சாப்பிட்டதும் நிறுத்தினார். கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார், என்னிடம் சொன்னால் நான் செய்வேன் என்பதால். “முத்து, பை” என்றார். குரல் அதற்குள் மாறியிருந்தது. வழக்கம்போல் பை என் கையில்தான் இருந்தது. “ஆம்புலன்சுக்குக் கூப்பிடுறேன்” என்று சொல்லிவிட்டு வெளித் தாழ்வாரத்துக்குப் போனேன். கூப்பிடவும் செய்தேன். முகவரியைத் தெளிவாகச் சொன்னேன், மாடி, கீழே இருக்கிற கடையின் அடையாளம் எல்லாம். எதிர்முனையில் இருந்த பெண் ஊசி இருக்கிறதா என்று கேட்டாள். தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்றேன்.

உள்ளே சயந்தினி கத்துவது கேட்டது. “பேக் எங்க? அம்மாவோட பேக் எங்க?” நாற்காலிகளை இழுக்கிற சத்தம். நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கீழே ரோட்டில் காய்கறி இறக்குகிற லாரியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஊசி போட்டால் உடனே சரியாகிவிடும், சாயங்காலமே ஒத்திகைக்கு வந்துவிடுவார் என்ற எண்ணம்தான் ஓடியது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று நின்றேன். அர்ஃபான் ஓடிவந்து என் தோளிலிருந்து பையைப் பிடுங்கினார். பதற்றத்தில் பை என்னிடம் இருப்பதே எனக்குத் தெரியவில்லை என்றேன். நம்பினார். யார்தான் நம்பமாட்டார்கள்?

ஊசி போட்டார்கள், அதற்குள் நேரம் தப்பிவிட்டது. மறுநாள் காலை அக்கா ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார்.

விசாரணையில் விபத்து என்று முடிவானது. அந்த வாரம் பாப்பம்மாள் இன்னொரு ஆர்டருக்குக் கடலை வறுத்திருந்தார். அதே கரண்டி, அதே மிக்ஸி ஜார் என்று பேசிக்கொண்டார்கள். அவரும் அதையே நம்பினார். ஆறுதல் சொல்ல நான் அவர் வீட்டுக்குப் போனேன். அடுப்படி துடைத்துக் காலியாக இருந்தது.

“நான் ஜாரைக் கழுவினேன் தம்பி. ரெண்டு தடவை கழுவினேன். ஆனா இப்ப யோசிச்சா கழுவினேனான்னே தெரியல.”

“யாருக்கும் நடக்கும்மா” என்றேன்.

என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் ஒருவன்தான் தன்னைக் குறை சொல்லவில்லை என்றார். அதன் பிறகு அவர் வெளி ஆர்டர் எடுக்கவில்லை. பொங்குகிற அரிசியைக்கூட மருமகளைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டுத்தான் இறக்குகிறார் என்று கேள்விப்பட்டேன். அதைக் கேட்ட பிறகும் நான் யாரிடமும் உண்மையைச் சொல்லவில்லை.

நாடகம் சில வாரம் தள்ளி நடந்தது. அந்தப் பாட்டை இளம் பெண் பாடினாள். சுமாராகப் பாடினாள். நான் என் பக்கத்தில் அஞ்சலி எழுதினேன். உச்சத்தில் கேட்ட குரலை உச்சத்திலேயே நம்மிடம் விட்டுவிட்டுப் போய்விட்டார் என்று எழுதினேன். இதுவரை நான் எழுதியதில் அதைத்தான் அதிகம் பேர் பகிர்ந்தார்கள். பலரும் கண்ணீர் வந்ததாக எழுதினார்கள். எனக்கும் வந்தது, அது நடிப்பில்லை.

நேற்றுச் சாயங்காலம் சயந்தினி என்னைத் தோ பாயோ வீட்டுக்குக் கூப்பிட்டாள். அர்ஃபானும் இருந்தார். வருட நினைவுக்கு ஒரு சிறிய நிகழ்ச்சி செய்யப் போகிறார்களாம், நான் பேச வேண்டுமாம். அதற்கு முன் ஒன்று கேளுங்கள் என்று அர்ஃபான் மடிக்கணினியைத் திறந்தார்.

கீபோர்டு மட்டும். பிறகு அக்காவின் குரல். கூண்டைத் திறக்கிற பாட்டு. முப்பது வருடத்துக்கு முன் கேட்டதைவிடக் கனமாக, கொஞ்சம் இருட்டாக இருந்தது. கார்வை வந்தது. அவர் மேலே போனார், போய் நின்றார். எங்கும் உடையவில்லை. அர்ஃபான் மடிக்கணினியை மூடினார்.

“இது எப்ப எடுத்தது?” என்று கேட்டேன்.

“அந்த வெள்ளிக்கிழமை அங்கிள். சவுண்ட் லெவல் பாக்க, நானும் ஆன்ட்டியும் மட்டும்.”

“ஒத்திகையில இப்படிப் பாடலையே.”

“அங்க அரைக் குரல்லதான் பாடுவாங்க. அந்த வயசுல தெனமும் ஃபுல்லா பாடினா ஷோவுக்குக் குரல் நிக்காது, நான்தான் அடக்கி வெச்சுக்கோங்கன்னு சொன்னேன். எல்லாப் பாடகர்களும் செய்றதுதான். உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்.”

எனக்குத் தெரியும். பல வருடமாக அதைப் பற்றி நானே எழுதியிருக்கிறேன். ஒத்திகையைப் பார்த்துக் குரலை எடைபோடக் கூடாது என்று இளைஞர்களுக்குப் புத்தி சொல்லியிருக்கிறேன். அக்கா விஷயத்தில் மட்டும் அது எனக்குத் தோன்றவே இல்லை.

சயந்தினி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். “அம்மா உங்களுக்குச் சொல்லக் கூடாதுன்னுட்டாங்க அங்கிள். ஃபர்ஸ்ட் ஷோவுல முத்துட முகத்தைப் பாக்கணும்னு சொன்னாங்க. நீங்க குரல் அப்படியே இருக்குன்னு பொய் சொன்னீங்களாம் படிக்கட்டுல. அன்னைக்கு வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரிச்சாங்க. பாவம், என்னை நோகடிக்கக் கூடாதுன்னு என்ன பாடுபடுறான்னாங்க.”

டீ ஆறிவிட்டது என்று இன்னொரு கோப்பை கொண்டுவந்தாள். குடித்தேன். நிகழ்ச்சியில் பேசுவதாக ஒப்புக்கொண்டேன். காலையில் வேலைக்குப் போகாமல் இந்தப் போலீஸ் நிலையத்துக்கு வந்தேன்.

அவ்வளவுதான். கலந்தது நான். பையை வைத்துக்கொண்டு வெளியே நின்றதும் நான். தெரிந்தேதான் நின்றேன்.

ஏன் இப்போது வந்தேன் என்று கேட்டீர்கள். பாப்பம்மாளுக்காக என்று எழுதிக்கொள்ளலாம், பார்க்க நன்றாக இருக்கும். ரயிலில் வரும்போது நானும் அதைத்தான் மனசுக்குள் சொல்லிக்கொண்டு வந்தேன். ஆனால் அந்த அம்மாள் என் கையைப் பிடித்து அழுத பிறகும் நான் வீட்டுக்குப் போய் நிம்மதியாகத்தான் தூங்கினேன். நேற்றுத்தான் தூக்கம் வரவில்லை. அந்தப் பதிவில் அவர் குரல் உடைந்திருந்தால், நான் இன்று இங்கே வந்திருக்கவே மாட்டேன்.