உள்ளே இருந்த நேரம்

— அப்பறம்?

— அப்பறம் இன்னா அப்பறம். அவ்ளோதான் மாமா.

— அவ்ளோதானுக்கு ஒரு மணி நேரமா? நான் சும்மா கேக்கறேன், வித்யா.

— எளாவூர் செக்போஸ்ட்டாண்டேருந்து இத்தயேதான் கேட்டுக்கினு வர்ற. வண்டியில காத்துல ஒண்ணும் கேக்கலன்ன. திருப்பாலைவனத்துல டீ குடிச்சிக்கினு பேசலாம்ன. இப்ப டீயும் ஆறுது.

— ஆறட்டும். நீ வேலை கேட்டு உள்ள போனப்ப அந்த வேப்பமரத்து நெழலு என் கால் மேல இருந்துச்சு. வெளிய வர்றப்ப அது நகுந்து வாட்ச்மேன் நாற்காலி மேல போய் ஒக்காந்துக்கிச்சு.

— நெழலப் பாத்துக்கினா இருந்த?

— வேற இன்னாத்த பாக்கறது? கதவப் பாக்கலாம். அது மூடிக்கினு இருந்துச்சு.

— ஏசி ரூமு. தொறந்தா வெப்பாங்க?

— அதுவும் சரிதான். ஏசி. காட்டுப்பள்ளியில காண்ட்ராக்ட்காரன் என்னை வெயில்ல நிக்க வெச்சுக் கேட்டான். பேரு இன்னா, ஊரு இன்னா, ஹெல்மெட்டு சைஸு இன்னா. நாளைக்கு வான்னான். டீ கிளாஸ் அவன் கையில இருந்துச்சு, அது காலியாவறதுக்குள்ள முடிஞ்சிடுச்சு.

— மூட்டை தூக்கறதுக்கு அதுக்கு மேல இன்னா கேப்பாங்க?

— பாத்தியா. பி.எஸ்சி. பேசுது.

— தப்பா சொல்லல மாமா. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நேரம் இருக்குது. ஜான்சன் அண்ணன வெல்டிங் வேலைக்கு அரை நாள் வெச்சிருந்தாங்க இல்ல? அப்ப அவங்க வூட்ல யாரும் ஒண்ணும் கேக்கல.

— அவன் கையில தகடு குடுத்து ஒட்டச் சொன்னாங்க. ஒட்டினத வளைச்சுப் பாத்தாங்க, உடையுதான்னு. அதுக்கு நேரம் ஆவும். உன்னை இன்னா வளைச்சுப் பாத்தாங்க?

— மாமா.

— சும்மா கேக்கறேன்.

— உன் தங்கச்சி மாலாவ நீ இப்படிக் கேட்டியா?

— மாலாவுக்குக் கேக்கறதுக்கு இன்னா இருக்குது? பொன்னேரி ஜவுளிக்கடை. இந்தச் செவுத்துலேருந்து அந்தச் செவுத்துக்கு நடன்னாங்க, ஒரு பொடவைய மடிச்சுக் காட்டுன்னாங்க, ஒண்ணாந்தேதி வான்னாங்க. நானும் கூடவேதான் நின்னேன். கண்ணாடிக் கதவு. எல்லாம் தெரிஞ்சுது.

— ஆரோக்கியமேரி அக்கா டீச்சர் வேலைக்குப் போயி நாள் பூரா இருந்துட்டு வந்தாங்களே.

— அவங்க கிளாஸ் எடுத்துக் காட்டணும். ரூமு பூரா புள்ளைங்க. உன் ரூம்ல யாரு இருந்தா?

— மூணு பேரு.

— மூணும் ஆம்பளையா?

— ரெண்டு சாரு, ஒரு மேடம்.

— மேடம் எப்ப எழுந்து போனாங்க?

— போவவே இல்ல! கேளு. மொதல்ல பேப்பர்ல எழுதச் சொன்னாங்க. அப்பறம் தொட்டியாண்ட கூட்டிக்கினு போயி தண்ணியில உப்பு எவ்ளோன்னு பாக்கச் சொன்னாங்க. அப்பறம் ஒரு குவளையில எறா குஞ்சு. கண்ணுமுடி கணக்கா இருக்குது, நிக்காம ஓடுது. அத்த எண்ணணும். எண்ணிட்டு மைக்ராஸ்கோப்ல வெச்சு, குடல்ல தீனி இருக்குதா இல்லியான்னு சொல்லணும். எல்லாம் சேத்து ஒரு மணி நேரம். உனக்குப் போதுமா?

— எண்றப்ப அந்தக் கண்ணாடிக்காரன் எங்க நின்னான்?

— எந்தக் கண்ணாடிக்காரன்?

— உன்கூட வாசல் கேட்டு வரைக்கும் வந்தானே. வெள்ளைச் சட்டை, மூக்குக் கண்ணாடி. வேலைக்கு வந்த எல்லாரையும் கேட்டு வரைக்குமா கொண்டாந்து வுட்டான்? உனக்கு முன்ன வந்த பையன் தனியாத்தான் வந்தான், நான் பாத்தேன்.

— அவரு கேள்வி கேட்ட ரெண்டு சார்ல ஒருத்தரு, சிகரெட் புடிக்க வந்தாரு.

— நீ சிரிச்ச.

— எப்ப?

— அவன் இன்னாமோ சொன்னான், நீ சிரிச்ச. பல்லு தெரிய. என்னாண்ட நீ அப்படிச் சிரிச்சு எத்தினி நாளாச்சு?

— நீ சிரிக்கற மாதிரி எதுனா சொன்னாத்தான? அவரு உன்னைப் பத்தித்தான் சொன்னாரு.

— என்னையா?

— காலையிலேருந்து ஒரு ஆளு கேட்டச் சுத்திச் சுத்தி வர்றான், மோட்டார் திருட வந்தவனா இருக்கப் போறான்னு வாட்ச்மேன் போய்ச் சொல்லியிருக்கான். அத்தச் சொல்லிச் சிரிச்சாரு. எனக்கும் சிரிப்பு வந்துடுச்சு.

— நானு திருடன்.

— வாட்ச்மேன் சொன்னது.

— அதுக்கு நீ இன்னா சொன்ன?

— இல்ல சார், என்கூட வந்தவருன்னு சொன்னேன்.

— கூட வந்தவரு.

— ஆமா.

— அவ்ளோதானா நானு? பஸ்ல பக்கத்துல ஒக்காந்து வர்றவன் கூட, கூட வந்தவன்தான்.

— டீயக் குடி மாமா.

— யாருடா அது, தேவேந்திரனா? அட, வித்யாவும் இருக்குது! புது சுடிதாரு!

— வா அத்தை. மீனெல்லாம் வித்துப் போச்சா?

— கூடையக் கவுத்தாச்சு. பவுனம்மா மீனு என்னைக்குடி நின்னிருக்குது? அது கெடக்கட்டும். ஏம்ப்பா தேவா, இன்னிக்கு முகத்துவாரத்துல உன் பாடாச்சே, நீ வலை போடற முறை. நீ இன்னாடான்னா இங்க ஒக்காந்து டீ ஊதிக்கினு கீற?

— மாத்திக்கினேன் அத்தை.

— யாராண்ட?

— தேசப்பன் மாமாவாண்டன்னு எங்கிட்ட சொன்னாரு.

— தேசப்பனா? விடியக்காலையில நான் பொறப்படறப்ப அவன் கரையில குந்திக்கினு பீடி வலிச்சிக்கினு கீறான். எறா வந்து முட்டுது, இந்தப் பையன் எடத்துல கட்டை மட்டும் நட்டுக்கினு நிக்குது, வலையக் காணோம்னு அவன்தான் எங்கிட்டயே சொன்னான். ஒருத்தன் முறையில இன்னொருத்தன் எறங்கக் கூடாது, வாயில தண்ணி ஊறப் பாத்துக்கினு இருக்க வேண்டியதுதான்னான்.

— அத்தை, பஸ்ஸு வருது பாரு.

— வரட்டும், அடுத்ததுல போறேன். சண்டையா ரெண்டு பேருக்கும்?

— இல்ல அத்தை. நான் இன்னிக்கு வேலைக்குக் கேள்வி கேக்கறாங்கன்னு எளாவூர் தாண்டிப் போயிருந்தேன். எறா குஞ்சுப் பண்ணையில. ஒரு மணி நேரம் கேட்டாங்க. ஏன் அவ்ளோ நேரம்னு இவரு கேக்கறாரு.

— ஒரு மணி நேரமா! எறா உரிக்கற கம்பெனியில என்னை எடுத்தப்ப ரெண்டு கையயும் திருப்பிப் பாத்தான், அவ்ளோதான். இவன் வூட்டுல உன்னைப் பொண்ணு பாக்க வந்தப்பவே பஜ்ஜி ஆறறதுக்குள்ள எழுந்துட்டாங்க.

— நீ போ அத்தை. பஸ்ஸு கெளம்பிடப் போவுது.

— போறேன்டா. தொரத்தாத. நல்ல சேதி வந்தா சொல்லுடி வித்யா.

— பொய் சொன்ன மாமா.

— இன்னா பொய்யி?

— பாடு. முறை மாத்திக்கினேன்ன. மாத்தவே இல்ல. மழைக்கப்பறம் வர்ற எறா. இனிமே அடுத்த சுத்துலதான் உனக்கு.

— போனாப் போவுது.

— நான் தனியாப் போறேன், பஸ்ல போய்க்கறேன்னு எத்தினி வாட்டி சொன்னேன்?

— அதான் கேக்கறேன், ஏன் தனியாப் போறேன்னு அப்படி அடம் புடிச்ச? உன்னைக் கட்டினப்பறம்தான் ஊர்ல என்னைத் தலைக்கட்டுல சேத்தாங்க. கல்யாணம் ஆவாதவனுக்குப் பாடு கெடையாது. உன்னாலதான் அந்தப் பாடே எனக்கு. அத்த வுட்டுட்டு உனக்காவ வெயில்ல நின்னேன்.

— எனக்காவ நிக்கல. உள்ள இருந்தவங்களுக்காவ நின்ன.

— சரி, அப்படியே வெச்சுக்கோ. எனக்கு வயிறு எரிஞ்சுது. போதுமா? நான் கேட்டா நீ ஒரு வார்த்தையில பதில் சொல்ற. எவனோ கேட்டா ஒரு மணி நேரம் பேசற. நமக்குக் கல்யாணம் ஆன இந்த ரெண்டு வருஷத்துல என்னாண்ட ஒரு மணி நேரம் சேந்தாப்ல பேசியிருக்கியா?

— நீ என் படிப்பப் பத்தி ஒரு நாளாவது கேட்டிருக்கியா?

— எனக்கு இன்னா தெரியும் அதுல கேக்கறதுக்கு?

— அவங்க கேட்டாங்க மாமா. காலேஜ்ல இன்னா ப்ராஜெக்ட் பண்ணன்னு கேட்டாங்க. இந்த ஏரித் தண்ணியப் பத்தின்னேன். சொல்லு சொல்லுன்னாங்க. எனக்கு மொதல்ல குரலே வரல. அப்பறம் வந்துச்சு.

— அந்தக் கண்ணாடிக்காரன்தான் சொல்லு சொல்லுன்னானா?

— மேடம்.

— சரி. ஆனா ஒண்ணு. திருவள்ளூர் லேப்ல கேட்டாங்க. கும்மிடிப்பூண்டி கம்பெனியில கேட்டாங்க. அங்கெல்லாம் நீ செருப்பக் கழட்டிட்டு உள்ள போயி நான் வண்டிய ஸ்டாண்டு போடறதுக்குள்ள வெளிய வந்துட்ட. அதே சர்ட்டிபிகேட்டு, அதே மார்க்கு. இங்க மட்டும் எப்படி ஒரு மணி நேரம்?

— டீக்குக் காசு குடுத்துட்டியா?

— சொல்லு. இப்ப நான் சும்மா கேக்கல.

— திட்டமாட்டியே?

— சொல்லு.

— அந்த ரெண்டு எடத்துலயும் மொதக் கேள்வி ஒண்ணுதான். கல்யாணம் ஆச்சான்னு. ஆச்சு சார்னேன். பைல மூடிட்டாங்க. கட்டின பொண்ணுங்கள எடுத்தா வேலை கத்துக்கினு கொழந்தைன்னு போயிடறாங்களாம். மார்க்குகூட பாக்கல.

— இங்க?

— இங்கயும் மொதக் கேள்வி அதுதான்.

— நீ இன்னா சொன்ன?

— ஆவலன்னேன்.

— வித்யா.

— ஆதார்ல இன்னும் எங்க நைனா பேருதான இருக்குது. தாலிக்கயிறு தெரியாம துப்பட்டாவ பின் குத்திக்கினேன். மெட்டிய பர்ஸ்ல போட்டுக்கினேன். அதான் பஸ்ல போறேன்னு சொன்னேன். நீதான் கேக்கல.

— ஒரு மணி நேரமும் கல்யாணம் ஆவாத பொண்ணா ஒக்காந்துக்கினு இருந்த.

— ஆமா.

— எப்படி இருந்துச்சு?

— கேள்வி வந்துக்கினே இருந்துச்சு.

— அதான் அவனும் கேட்டு வரைக்கும் வந்தான்.

— நீ இன்னும் அங்கயே நில்லு! இது மூணாவது எடம். இதுவும் போச்சுன்னா நான் பவுனம்மா அத்தை மாதிரி எறா உரிக்கத்தான் போவணும். அப்ப எவனும் என்னைக் கேள்வி கேக்கமாட்டான், உனக்கும் நிம்மதி. ஆனா இது போவாது. குஞ்சு எண்ணினது சரியா இருந்துச்சுன்னு மேடமே சொன்னாங்க. சாயங்காலம் போன் பண்றாங்களாம். ரெண்டு மாசம் என் வேலையப் பாத்துட்டாங்கன்னா, அப்பறம் நானே சொல்லிடுவேன். அது வரைக்கும் நீ மட்டும் அந்தப் பக்கம் வராத. இன்னா மாமா? திட்டறதுனா திட்டிடு.

— நீ கழுத்துல மாட்டின பேட்ஜ திருப்பிக் குடுக்க வாட்ச்மேன் ரூமுக்குள்ள போன இல்ல.

— ஆமா.

— அப்ப அந்தக் கண்ணாடிக்காரன் வெளியதான் நின்னான்.

— அதுக்கு?

— நான் போய்க் கை குடுத்தேன்.

— எதுக்கு?

— அவனுக்குத் தெரியட்டும்னு. நான்தான் வித்யா வூட்டுக்காரன்னேன். சத்தமாத்தான் சொன்னேன்.

— அவரு இன்னா சொன்னாரு?

— கொழந்தை இருக்குதான்னு கேட்டான்.

— நீ?

— ‘கூடிய சீக்கிரம்’னு சொல்லி, புடிச்ச கைய இன்னும் கொஞ்சம் இறுக்கினேன்.