பன்னிரண்டாவது கியர் பெட்டி

தனக்குக் கார் ஓட்டத் தெரியாது என்று ஒப்புக்கொண்ட ஆணை நான் இதுவரை பார்த்ததில்லை. சமைக்கத் தெரியாது என்பார்கள், நீந்தத் தெரியாது என்பார்கள். கார் என்று வந்துவிட்டால் எல்லாருமே பந்தய வீரர்கள்தான். இதைப் புரிந்துகொண்டால்தான், சார், நான் சொல்லப்போவது உங்களுக்கு நியாயமாகப் படும்.

கம்பெனிப் பணிமனையில் பழுதான கியர் பெட்டிகளைத் திறந்து பார்ப்பது என் வேலை. எங்கள் வேகக் கார், கையால் கியர் மாற்றுகிற வண்டி. அதன் விளம்பரத்தில் 'அடக்கி ஓட்டாதீர்கள்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். விரட்டி ஓட்டினால் வாரண்டி கிடையாது என்று வாரண்டிப் புத்தகத்தில் பொடி எழுத்தில் இருக்கும். இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில் ஒரு நாற்காலி போட்டு என்னை உட்கார வைத்திருந்தார்கள்.

உடைந்த பெட்டியைத் திறந்தால் பல் உதிர்ந்த சக்கரங்களும் எண்ணெயில் ஊறிய இரும்புத் தூளும்தான் இருக்கும். எது முதலில் உடைந்தது என்று கடவுளாலும் சொல்ல முடியாது. நான் சொல்வேன். அறிக்கையின் கடைசி வரியில் 'கை தவறு' என்று எழுதுவேன். ஓட்டியவர் அவசரத்தில் லீவரைத் தப்பான கியருக்குத் தள்ளிவிட்டார் என்று பொருள். அந்த இரண்டு சொற்களும் என் கண்டுபிடிப்பு. மேலாளருக்குப் பிடித்துப்போய் ரப்பர் முத்திரையாகவே செய்து கொடுத்தார்.

முதல் ஐந்து வண்டிகளுக்கு நம்பித்தான் குத்தினேன். ஆறாவது வண்டி உடைவதற்கு முன்பே வந்துவிட்டது. நான்காவது கியரில் ஏதோ சத்தம் என்றார் சொந்தக்காரர். உள்ளே ஃபோர்க் என்று ஒரு பாகம் உண்டு. கவட்டை மாதிரி, உள்ளங்கை அகலம். லீவரை நகர்த்தினால் அதுதான் கியரைத் தள்ளும். அது வளைந்திருந்தது. வார்ப்பிலேயே மெலிசு. விரட்டி ஓட்டினால் வளையும். வளைந்தால் நான்காவது கியர் முழுசாக விலகாது. அப்போது ஐந்தாவதைப் போட்டால் இரண்டும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொள்ளும். பின்சக்கரங்கள் நின்றுவிடும். கார் நிற்காது.

மேலாளரிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த முதல் ஐந்து பேரில் இரண்டு பேர் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பவில்லை. அவர்கள் வீட்டுக்குப் போய், உங்கள் பையன் கை தவறவில்லை, என் கைதான் தவறியது என்று சொல்வதா? ஒருவழியாக அழுது முடித்த வீட்டை மறுபடி அழவைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஃபோர்க்கைச் சுத்தியலால் தட்டி நேராக்கி மூடினேன். "குழந்தைய தொட்டில்ல போடுற மாதிரி மெதுவா போடுங்க சார்" என்று சொல்லி அனுப்பினேன். அதற்குப் பிறகு இன்னும் ஐந்து பெட்டிகள் உடைந்து வந்தன. முத்திரைக்குப் புது மை வாங்கித் தந்தார்கள்.

பன்னிரண்டாவது வண்டி என் அக்கா கணவருடையது. இருபது வருஷம் ஆம்புலன்ஸ் ஓட்டியவர். எவ்வளவு வேகமாகப் போனாலும் பின்னால் தொங்குகிற குளுக்கோஸ் பாட்டில் ஆடாது என்பார்கள்.

"மாப்ள, நாலாவது கியர் முனகுது. என்னன்னு பாரு. கை தவறுன்னு மட்டும் எழுதிடாத, உங்க அக்காவே சிரிப்பா."

"விரட்டியிருப்பீங்க மச்சான்."

"விரட்டத்தானேடா வாங்கினேன்? போர்வை போத்தி வைக்கவா?"

திறந்தேன். ஃபோர்க் வளைந்திருந்தது, அடியில் ஒரு விரிசலும் இருந்தது. புது ஃபோர்க் ஸ்டோரில் இருந்தது. அதை எடுக்க வேண்டுமானால் படிவத்தில் காரணம் எழுத வேண்டும். அவர் பெயருக்கு நேராக 'கை தவறு' என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. வேறு எதை எழுதினாலும் முந்தைய அறிக்கைகள் எல்லாம் பொய்யாகிவிடும். ஆகவே எதையும் எழுதவில்லை. தட்டி நேராக்கினேன், மூடினேன். விரிசலைத் தட்டி நேராக்க முடியாது என்பது தொழில் தெரிந்த எவருக்கும் தெரியும்.

"பயப்பட ஒன்னும் இல்ல மச்சான். கொஞ்சம் பாத்து போடுங்க."

"நீ சொன்னா சரிதான்" என்றார்.

ஒன்பதாம் நாள், மலைப்பாதை இறக்கத்தில் அவர் போய்விட்டார். பெட்டி என் மேசைக்கே வந்தது. வேறு யாரிடமாவது கொடுத்திருக்கலாம். வீட்டு விஷயத்தில் அந்நியர் கை வைப்பது எனக்குப் பிடிக்கவில்லை. முத்திரை குத்தும்போது என் கை நடுங்கவில்லை என்று பக்கத்து மேசைக்காரர் விசாரணையில் உங்களிடம் சொன்னாராம். உண்மைதான். நடுங்கினால் எழுத்து தெளிவாக விழாது.

அக்கா அறிக்கையை இரண்டு முறை படித்தாள். "அவருக்கா? அவருக்கா கை தவறிச்சு?"

"வயசாயிடுச்சுக்கா. யாருக்கும் வர்றதுதான்."

அவர் போனதற்கு அழுததைவிட இதற்குத்தான் அவள் அதிகம் அழுதாள். மரணத்தை ஏற்றுக்கொள்கிறவர்கள்கூட மோசமான ஓட்டுநர் என்ற பெயரை ஏற்றுக்கொள்வதில்லை.

கம்பெனி அனுதாபத்தோடு அந்தக் குடும்பத்துக்கு ஒரு கார் கொடுத்தது. அதே மாடல், புதுசு. அக்கா அதைத் தொடவில்லை. அவள் மகள்தான் ஓட்டுகிறாள். அப்பாவைப் போலவே வேகம். நான்தான் பழக்கினேன்.

இதே ஃபோர்க்கோடு இன்னும் எந்தெந்த வண்டிகள் ஓடுகின்றன என்று கேட்டீர்கள். எல்லா வண்டிகளும்தான். சத்தம் வர ஆரம்பித்ததாக எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். போன வாரம் அக்கா மகள் கூப்பிட்டாள்: "மாமா, நாலாவது கியர் போட்டா என்னமோ முனகுது. எடுத்துட்டு வரட்டுமா?" வேண்டாம், போகப்போகச் சரியாகிவிடும் என்றேன். திறந்தால் பார்த்தாக வேண்டும், சார். பார்த்தால் எழுதியாக வேண்டும். அக்காவிடம் இன்னொரு அறிக்கையைக் கொடுக்கிற தெம்பு எனக்கு இல்லை. நானும் மனிதன்தான்.

இன்று காலை அக்காவையும் ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் கிளம்பியிருக்கிறாள். எதற்குப் போனை எடுக்கிறீர்கள்? இப்போது கூப்பிடாதீர்கள், சார். வண்டி ஓட்டும்போது போன் பேசுவது ஆபத்து.