மக்கு இல்லையாம்

பெருநகர் கிராமத்திலிருந்து உத்திரமேரூர் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"எம் பொண்ணு மக்கு இல்லியாம், அக்கா," என்றாள் இளையவள். குரலில் சந்தோஷமே இல்லை.

"யாரு சொன்னது?"

"மெட்ராசுலேர்ந்து இஸ்கூலுக்கு ஒரு அம்மா வந்துச்சு. பசங்க எப்டி படிக்குதுங்கன்னு ஆராய்ச்சி பண்ணுதாம். இதுக்குப் புத்தி நல்லாத்தான் கீதாம். எழுத்துதான் கொயம்பிப் போவுதாம்."

"நல்ல சேதிதானே. இன்னாத்துக்கு அழுவுற?"

"படிக்கலன்னு நாலு வருசமா அடிச்சிக்கினு இருந்தேனே."

"இனிமே அடிக்காத. அதுங்கிட்ட சொன்னியா?"

"காலைல சொன்னேன். 'நான் மக்குதாம்மா, நீதானே சொன்ன'ன்னுட்டு, இஸ்கூலுக்குப் போவாம களையெடுக்கப் பூடுச்சு."