புளிச்ச மாத்திரை

— கையை நீட்டுங்கண்ணா. போன தடவை வலது, இன்னைக்கு இடது.

— எதுல குத்தினா என்னம்மா. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்.

— இப்பல்லாம் முகம்கூடச் சுளிக்க மாட்டேங்கறீங்க.

— மரத்துப் போச்சு. பிளேட்லெட்டை மட்டும் வச்சுக்கிட்டு மிச்ச ரத்தத்தைத் திருப்பி விடுதே உன் மிஷின், அது ஓடறப்ப உதடு மரக்கும். வீட்டுக்குப் போனா மத்ததெல்லாமும் மரத்துடும். ஆரம்பி.

— இருங்க, கேள்வி இருக்கு. காய்ச்சல்?

— இல்ல. தெரிஞ்ச மூஞ்சிதானே, சும்மா டிக் போட்டுடேன்.

— உங்க தங்கச்சி இந்த நாற்காலியில வேலை பார்த்தவரைக்கும் யாருக்காவது சும்மா டிக் போட்டாங்களா? பெத்த தாயா இருந்தாலும் கேளும்பாங்க அக்கா. மாத்திரை ஏதாவது?

— நேத்து ஒண்ணு. தலைவலிக்கு.

— என்ன மாத்திரை?

— பேரு தெரியல. வெள்ளையா இருந்துச்சு. வாயில கரைஞ்சு புளிச்சுது.

— புளிச்சுதா? ஐயோ, ஆஸ்பிரின்ணா அது!

— இருந்தா?

— உங்க பிளேட்லெட்டெல்லாம் இப்ப வேலை செய்யாது. எடுத்து ஏத்தினாலும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி ரத்தத்தை நிறுத்தாது. இன்னைக்கு உங்ககிட்ட எடுக்க முடியாதுண்ணா.

— தங்கச்சிக்கு ஈறுல ரத்தம் நிக்கவே இல்லம்மா.

— தெரியும்ணா.

— வேற ஆள்கிட்ட எடு.

— மத்தவங்களுதை அக்கா உடம்பு ஏத்தின கையோட அழிச்சிடுது. உங்களுதுதான் நிக்குது. உங்களுக்குப் புதுசு ஊறி வரணும், ரெண்டு மூணு நாளாகும்.

— அதுவரைக்கும் தாங்குவாளா?

— டாக்டர்கிட்ட ஓடறேன். யாருண்ணா கொடுத்தா அதை? அண்ணியா?

— அவதான். தங்கச்சி. தலையப் பிடிச்சுக்கிட்டு கட்டில் பக்கத்துல உட்கார்ந்திருந்தேன். தலகாணிக்கு அடியிலேர்ந்து எடுத்தா.

— அந்த மாத்திரை அக்கா கிட்ட வரவே கூடாதே! அட்டையோட கொடுத்தாங்களா?

— உரிச்சு உள்ளங்கையில வச்சா. தண்ணியும் அவளே ஊத்திக் கொடுத்தா. ஏம்மா பேனாவை வச்சுட்ட?

— அண்ணா, இந்த மாத்திரை போட்டவங்களை எழுப்பி அனுப்பிடணும்னு எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அக்காதான்.

— 'நாளைக்கு உனக்கு ஊசி இருக்காதுண்ணா, வீட்டுக்குப் போய்த் தூங்கு'ன்னா. நானும் நல்லாத் தூங்கினேம்மா.