செத்த நாளும் திவச நாளும்

ஓடுகிறோம். காலை ஒன்பதே கால். முன்னால் என் கணவர், தோளில் அரிசிப் பை. நடுவில் மகன். பின்னால் நான். மணல். செருப்பு எப்போது கழன்றது என்று தெரியாது. தூரத்தில் 'டும்' என்று ஒரு சத்தம். எறிகணைச் செல் ஏவும் சத்தம். எட்டு எண்ணினால் விழும். அந்தக் கணக்கு வன்னியில் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். நான் ஐந்து எண்ணும்போது அவர் கத்தினார்.

"படுங்கோ! குப்புறப் படுங்கோ!"

நானும் மகனும் படுத்தோம். அவர் அரிசிப் பையை இறக்கிக்கொண்டிருந்தார். அந்த நேரத்திலும் அரிசி சிந்தக் கூடாது அவருக்கு. இன்றைக்கும் எனக்கு அதில் கோபம்தான்.

ஒரு பள்ளிக்கூடத்தில் ஆஸ்பத்திரி நடந்தது. பத்தரை மணிக்கு அவர் மூச்சு நின்றது. தாதி கொப்பித் தாளைக் கிழித்து அவரது பெயரையும் அன்றைய திகதியையும் எழுதித் தந்தாள். சட்டைக்குள் வைத்தேன். புதைத்த இடத்துக்குப் பக்கத்தில் தறப்பாள் கூடாரத்தில் ஓர் ஐயர் இருந்தார். அவர் விரல் மடித்துத் திதி சொன்னார். மாசி, தேய்பிறை, துவாதசி. அதை மனதில் எழுதிக்கொண்டேன். எங்கள் சனம் செத்தவர்களைத் திதியால்தான் நினைவு வைக்கும். வருடாவருடம் அந்தத் திதி எந்த நாளில் வருகிறதோ அன்றைக்குத் திவசம். நாட்காட்டித் திகதி மாறிக்கொண்டே இருக்கும். ஒருவரும் அதைப் பெரிதாக எடுப்பதில்லை.

ஐந்தாம் நாள் இராணுவப் பக்கம் போனோம். ஒலிபெருக்கி அலறியது. இயக்கத்தில் ஒரு நாள் இருந்திருந்தாலும் வந்து பதியட்டாம். என் மகனை முன்பு பிடித்துக்கொண்டு போய் இயக்கம் மூன்று கிழமை வைத்திருந்தது. வயது பத்தொன்பது. அவன் என் முகத்தைப் பார்த்தான். பதிந்துவிட்டு வா என்று நான்தான் சொன்னேன். பச்சை நிற பஸ். ஜன்னலோரம் இருந்தான். பின்னேரம் மூன்று மணி. அதன் பிறகு அவனைக் காணவில்லை.

அவனது படத்தோடு பல வருடம் வீதியில் நின்றேன். பிறகு சிவில் உடுப்பில் இருவர் வீட்டுக்கு வரத் தொடங்கினார்கள். மூன்றாம் முறை படத்தைக் காலால் மிதித்து உடைத்தார்கள். அடுத்த முறை உனக்குத்தான் என்றார்கள். நான் புறப்பட்டேன்.

இப்போது மொன்றியல். வில்லரேயில் தங்கச்சி வீட்டில் இருக்கிறேன். வெளியே பனி. கூரையிலிருந்து பனிக்கட்டி விழுந்தால் நான் இன்னும் குந்துகிறேன். தங்கச்சியின் பிள்ளைகள் பிரெஞ்சில் ஏதோ சொல்லிச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

என் சட்டத்தரணி நிக்கோல். கியூபெக்காரி, நரைத்த தலை. ஆறுதல் சொல்லத் தெரியாத மனுசி. அதனால்தான் நம்பினேன். டோர்வலில் விமானச் சாப்பாடு கட்டும் அண்ணை ஒருவர் எங்களுக்கு மொழிபெயர்ப்பார். என் அகதி விசாரணைக்குப் பத்து நாள் இருக்கும்போது நிக்கோல் இரண்டு தாள்களை மேசையில் வைத்தாள். அண்ணை என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"தங்கச்சி, உங்கட மனுசன் ரெண்டு திகதியில செத்திருக்கிறார்."

தாதி எழுதித் தந்த தாள்துண்டில் ஒரு திகதி. விமான நிலையத்தில் நான் சொன்னது வேறு. பதினொரு நாள் பிந்தியது. அந்தத் திகதியில் நான் இராணுவத்தின் அகதி முகாமுக்குள் இருந்தேன் என்று என் வாக்குமூலமே சொல்கிறது. அப்படியென்றால் செல் விழுந்ததும் பொய், பஸ்ஸும் பொய், நானும் பொய். திருப்பி அனுப்ப அந்த ஒரு வரி போதும் என்றாள் நிக்கோல்.

இரண்டு தாளையும் மாறி மாறிப் பார்த்தேன். பிறகு விளங்கியது. இருபது மணி நேரப் பயணம். கண்ணாடிக்குப் பின்னால் அதிகாரி. கணவர் எப்போது இறந்தார் என்று கேட்டார். வருடத்தைச் சரியாகச் சொன்னேன். நாளைக் கேட்டபோது வாயில் வந்தது போன வருடம் திவசம் கொடுத்த நாள்.

நிக்கோல் நான்கு முறை விளக்கம் கேட்டாள். ஐந்தாம் முறை பேனையை வைத்துவிட்டு, ஈஸ்டர் மாதிரியா என்று கேட்டாள். அதுவும் சந்திரனைப் பார்த்து வருடாவருடம் நாள் மாறுமாம். ஓம் என்றேன். அழுதேன்.

இங்குள்ள கோயில் ஐயர் பழைய பஞ்சாங்கம் ஒன்றையும் எறியாத மனிதர். எனக்கு நல்ல காலம். இரண்டு வருடத்துப் பக்கங்களையும் படியெடுத்து, கடிதமும் எழுதித் தந்தார். துண்டில் இருந்த நாளும் துவாதசி. நான் உளறிய நாளும் துவாதசி.

விசாரணை. செவ்வாய்க்கிழமை, காலை எட்டரை. ஜன்னல் இல்லாத அறை. தீர்ப்புச் சொல்பவர் ஒரு பெண். நிக்கோல் ஈஸ்டரைச் சொன்னாள். பஞ்சாங்கத்தைக் காட்டினாள். அந்தப் பெண் பக்கங்களை விரலால் தடவி நெடுநேரம் பார்த்தார். சூடாக்கியின் 'டிக் டிக்' சத்தம். நான் எண்ணினேன். எட்டைத் தாண்டியும் எண்ணினேன்.

பிறகு அவர் கேட்டார். மகனின் திதி எது?

அறையில் எவரும் அதை எதிர்பார்க்கவில்லை. நிக்கோலும்தான்.

"அவனுக்குத் திதி இல்லை, அம்மா. பஸ் ஏறின நாளில வை எண்டு சனம் சொல்லுது. அது அவன் செத்த நாள் இல்லை. நான் அனுப்பின நாள்."

அவர் எழுதுவதை நிறுத்தினார். இருபது நிமிட இடைவேளை. திரும்பி வந்து பிரெஞ்சில் வாசித்தார். நிக்கோல் என் மணிக்கட்டைப் பிடித்தாள். ஏற்றுக்கொண்டார்கள். கணவர் செத்ததை நம்பிவிட்டார்கள். அதற்கு நன்றி சொல்ல வேண்டியிருந்தது. மெர்சி என்றேன்.

இழந்ததை எழுதி வைக்கிறேன். மறக்காதீர்கள்.

கூறைச்சேலை ஒன்று. வெட்டிப் பதுங்குகுழிக்கு மண்மூட்டை தைத்தேன். வீடு ஒன்று. கிணறு ஒன்று. அரிசி, அரைப் பை. கணவர் ஒருவர். மாசி, தேய்பிறை, துவாதசி. அவருக்குத் திவசம் கொடுக்க வேண்டிய மகன் ஒருவன். நாள் தெரியாது.