கல்யாணசுந்தரி டீச்சருக்கு ஒரு கண்ணீர் அஞ்சலி

காரைக்காலில் ஒருவர் நல்லவரா என்று தெரிய வேண்டுமானால் அவருடைய கண்ணீர் அஞ்சலி பேனர் வரும்வரை காத்திருக்க வேண்டும் சார். அதற்கு முன்னால் யாரும் சொல்ல மாட்டார்கள்.

கல்யாணசுந்தரி டீச்சர் பாரிஸில் முப்பது வருஷம் ஜாஸ் பாடியவர். சொந்தமாக மெட்டுப் போட்டவர். ஊர் திரும்பி மாடியில் வகுப்பு ஆரம்பித்தார். கடைசியில் மிஞ்சிய மாணவன் நான் ஒருவன்தான். எங்கள் கல்லூரி விழாவில் ஒருமுறை பாடினார். பாதியில் ஒருவன் எழுந்து, "அக்கா, மைக் டெஸ்டிங் போதும், பாட்ட ஆரம்பிங்க" என்றான். நான்தான் அவனுக்கு அதை எழுதிக் கொடுத்திருந்தேன். நல்ல கைதட்டல்.

போன மாதம் ஆஸ்துமாவுக்காக டீச்சர் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். ஊரைச் சோதித்துப் பார்க்கலாமே என்று பேருந்து நிலையத்தில் ஒரு பேனர் வைத்தேன். டீச்சர் படம், இரண்டு பக்கமும் அழும் கண்கள், கீழே "பிரிவால் வாடும் தலைமைச் சீடன் மணிபாரதி". அடக்கம் பாண்டிச்சேரியிலேயே முடிந்துவிட்டது என்று கேட்டவர்களிடம் சொன்னேன். யாரும் சந்தேகப்படவில்லை. பேனரில் வந்துவிட்டதே.

மறுநாள் வணிகர் சங்கத் தலைவர் காஜா நஜ்முதீன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எப்பேர்ப்பட்ட குரலு தம்பி அது. ஒரு நாளு கூடக் கேக்காமப் போயிட்டோமே."

இரங்கல் கூட்டத்துக்கு மண்டபம் பிடித்தார். டீச்சர் பெயரில் இசைப் பள்ளி, அதற்கு நான் பொறுப்பு என்றும் சொன்னார்.

ஆஸ்பத்திரியிலிருந்து டீச்சரை அழைத்துவரப் போனபோது விஷயத்தைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். இருமல் வரும்வரை சிரித்தார்.

"அடப்பாவி, உசுரோட இருந்தப்ப பத்து நாற்காலி நெறையலியேடா. கூட்டம் நடக்கட்டும். நீ பேசி முடி, நான் மேடையேறிப் பாடுறேன். பயலுவ மூஞ்சியப் பாக்கணும்."

"பாடுங்க டீச்சர்" என்றேன். வேறென்ன சொல்வது?

அதுவரை யார் கண்ணிலும் படக்கூடாது என்று கீழவாஞ்சூரில் நண்பனுடைய காலி அறையில் தங்க வைத்தேன். துறைமுகத்துப் பக்கம். ஜன்னலைத் திறந்தால் நல்ல காற்று வரும், கொஞ்சம் நிலக்கரித் தூளும் வரும். கூட்டத்தன்று மாலை அவரை உள்ளே விட்டு வெளியே பூட்டினேன். இன்ஹேலர் என் பையில் இருந்தது. மறந்து எடுத்து வந்துவிட்டான் என்று எழுதாதீர்கள் சார். நான் எதையும் மறக்கிறவன் இல்லை.

மண்டபம் நிறைந்து வாசலிலும் ஆள் நின்றார்கள். நான் பேச ஆரம்பித்ததும் முன்வரிசையில் பெண்கள் முந்தானையை எடுத்தார்கள். கல்லூரியில் மூன்று வருஷம் கிண்டல் எழுதிச் சிரிக்க வைத்திருக்கிறேன். ஒரு மண்டபம் அழுவது வேறு மாதிரி இருக்கிறது. இந்த நேரத்தில் டீச்சர் உள்ளே நுழைந்தால் எல்லாம் கேலிக்கூத்தாகிவிடும். பாவம், அந்த மரியாதை மறுபடி அவருக்குக் கிடைக்காது.

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. டீச்சர் பெயர். நின்றது. மறுபடி அதிர்ந்தது. அவருக்கு மூச்சு முட்டுகிறது என்று எனக்குத் தெரியும். இரங்கல் கூட்டத்தில் போன் சத்தம் மரியாதை இல்லை என்று அணைத்து வைத்தேன்.

ஏன் எடுக்கவில்லை என்று அப்போதிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். எப்படி சார் எடுப்பது? நான் அப்போது அவருக்காகத்தான் அழுதுகொண்டிருந்தேன்.