ஏழுக்குக் குரல் கொடுத்தவள்

ஓடுகிறோம். தரப்பாள் கூடாரங்களுக்கு நடுவே. வன்னி, போரின் கடைசி மாதங்கள். இரண்டாயிரத்து ஒன்பது, மாசி. ஞாயிறு காலை ஏழரை. தூரத்தில் ‘தொப்’ என்று ஒரு சத்தம். பிறகு கூவல்.

“விழுந்து படுங்கோ!”

ஷெல் விழுந்தது. எழுந்தோம். ஜெரோம் அண்ணை கத்துகிறார்: “எண்ணுங்கோ!”

மன்னாரில் எங்கள் மாதா கோயில் இளைஞர் சங்கத்திலிருந்து ஒன்பது பேர் ஒன்றாக இடம்பெயர்ந்தோம். ஜெரோம் அண்ணைதான் தலைவர். ஆளுக்கொரு எண் கொடுத்தார். ஒவ்வொரு ஷெல்லுக்குப் பிறகும் எண்ண வேண்டும். ஒரு எண் வராவிட்டால் எல்லோரும் நிற்க வேண்டும். அவர் ஒன்று. நான் ஆறு. என் சிநேகிதி ஸ்ரெல்லா ஏழு. பாட்டுப் பயிற்சிக்கு எப்போதும் பிந்தித்தான் வருவாள். வரவு கூப்பிடும்போது அவளுக்கும் நானே குரல் கொடுப்பேன். பழக்கம்.

“ஆறு!” என்றேன். ஏழு வரவில்லை. மறுபடி ‘தொப்’.

“ஏழு!”

அதையும் நானே கத்தினேன். பின்னால் வருகிறாள் என்று நினைத்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. எட்டு. ஒன்பது. ஓடினோம்.

அடுத்த பங்கர்க் குழியில் ஸ்ரெல்லா இல்லை. எண்ணி முடித்த பிறகு வழியில் தவறிவிட்டாள் என்றார்கள். நான் வாய் திறக்கவில்லை.

இப்போது ரொறன்ரோ. டோர்செட் பார்க்கில் பதினோராம் மாடி. தனியாக இருக்கிறேன். வேலை, முதியவர்களை அவர்கள் வீட்டில் பராமரிப்பது. வெள்ளிக்கிழமைகளில் மிரியம். யூதப் பெண். எண்பத்தொரு வயது. பதினைந்து வயதில் ஒரு யூத இளைஞர் இயக்கத்தில் இருந்தவர். கோடையில் வடக்கே ஏரிக்கரையில் முகாம். நீந்திவிட்டுக் கரையேறியதும் வரிசையாக எண்ண வேண்டும். பத்தொன்பது பேர். அந்த எண்களை இன்னும் விடவில்லை. வெள்ளி மாலை, ஓய்வுநாள் மெழுகுதிரி ஏற்றுமுன், எல்லோரும் போனில் சேர்ந்து எண்ணுகிறார்கள். இறந்தவர் எண் வந்தால் ஒரு மூச்சு நேரம் பேசாமல் இருக்கிறார்கள். மற்ற நேரமெல்லாம் சண்டை.

“ஒன்பது, உயிரோடு இருக்கிறாயா, நித்திரையா?”
“உன் சமையலைச் சாப்பிட்டும் சாகவில்லையே!”

எனக்கு எரிச்சல் வந்தது. குளிக்கப் போன இடத்தில் பழகிய எண்ணிக்கை. அறுபத்தாறு வருடம் பிடித்து வைத்திருக்கிறார்கள். ஷெல்லுக்குள் எண்ணிய நாங்கள், இங்கே வோபர்ன் தமிழ்க்கடையில் ஒருவரையொருவர் கண்டால் சாமான் வண்டிலைத் திருப்புகிறோம்.

போன மாதம் ஒரு வெள்ளி. பதினொன்று வரவில்லை. சோல் என்ற கிழவர். தனியாக இருப்பவர்.

“குளித்துக்கொண்டிருப்பான். பன்னிரண்டு, அவனுக்கும் நீயே சொல்லு,” என்றது ஒரு குரல்.

மிரியம்தான் பன்னிரண்டு. “மாட்டேன்,” என்றார். “பதினொன்று சொல்லட்டும்.”

நான் சூப் கோப்பையோடு நிற்கிறேன். என் வாய் தானாக அசைகிறது. பதினொன்று. பல்லைக் கடித்து அடக்கினேன். யாரோ சோலின் கட்டடப் பொறுப்பாளரைக் கூப்பிட்டார்கள். பதினெட்டு நிமிடம். ஒருவரும் போனை வைக்கவில்லை. சோல் குளியலறைத் தரையில் கிடந்தார். உயிர் இருந்தது.

அன்றிரவு பஸ் தரிப்பில் நின்று, ஒஷாவாவில் இருக்கும் ஜெரோம் அண்ணைக்குப் போன் எடுத்தேன்.

“அண்ணை, அண்டைக்கு ஏழு எண்டு கத்தினது நான்.”



“தெரியும். உன்ரை குரல் எனக்குத் தெரியாதே? தெரிஞ்சும் நான் நிக்கேல்லை, பிள்ளை.”

அடுத்த வெள்ளி அவர் எங்களில் மிஞ்சிய எல்லோரையும் போனில் கூப்பிட்டார். “ஒண்டு,” என்றார். மூன்று எடுக்கவில்லை. “ஆறு,” என்றேன். உடனே கையால் வாயைப் பொத்திக்கொண்டேன். ஒன்பது எடுத்தாள். எண் சொல்லவில்லை. அழுகிற சத்தம் மட்டும் கேட்டது. அவள் என் கட்டடத்தில்தான் இருக்கிறாள். மூன்றாம் மாடி.

புறப்பட்டவர் ஒன்பது பேர். இருப்பவர் நான்கு பேர்.

இரண்டு, அன்ரன். ஐந்து, றொபின்சன். இருவரும் ஒரே பங்கருக்குள், பங்குனியில். நான்கு, நிர்மலா. அகதி முகாமில் காய்ச்சல். எட்டு, ஜூட். ஆமிக்காரர் விசாரணைக்கென்று கொண்டுபோனார்கள். வரவில்லை.

ஏழு, ஸ்ரெல்லா. வயது பத்தொன்பது. உடல் கிடைக்கவில்லை. ஒருவரும் தேடிப் போகவில்லை. எண்ணிக்கை சரியாக இருந்தது.